கூடார முளையும் காற்றின் விசையும்

கூடாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் கித்தான் துணியும், அதனைத் தாங்கி நிற்கும் கம்பமும், சுற்றிலும் இழுத்துக் கட்டிய கயிறுகளுமே எவருக்கும் நினைவில் தோன்றும். அக்கயிறுகளின் முனையில் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் முளையை நினைப்பவர் சிலரே. ஆயினும் கூடாரத்தின் பாதுகாப்பு முழுவதும் அம்முளையையே சார்ந்து நிற்கிறது. கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய வீடு தன் எடையினாலேயே காற்றை எதிர்த்து நிற்கும். கூடாரத்தின் எடையோ சில கிலோகிராம்களே. அது காற்றுக்கு எதிரே விரிக்கும் பரப்போ ஒரு சுவருக்குச் சமமானது. எடையால் கிட்டாத உறுதியை அது நிலத்திடமிருந்து கடனாகப் பெறுகிறது. அக்கடனைப் பெற்றுத்தரும் கருவியே முளையாகும்.

2019-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள், இராஜஸ்தானத்தின் பார்மேர் மாவட்டத்தைச் சேர்ந்த ஜசோல் என்னும் ஊரில், பெருங்கூடாரம் ஒன்றின்கீழ் மக்கள் திரளாக அமர்ந்து இராமகதை கேட்டுக்கொண்டிருந்தனர். திடீரென்று மழையோடு கூடிய சூறைக்காற்று எழுந்தது. கூடாரம் பெயர்ந்து கூட்டத்தின்மேல் விழுந்தது. குறைந்தது 14 பேர் உயிரிழந்தனர்; பலர் காயமுற்றனர். காற்று வீசிய நேரம் மிகக் குறைவு. கூடாரத்தைப் பற்றி ஆராய்வது பொழுதுபோக்காகச் சுற்றுலாச் செல்வோருக்கு மட்டும் உரிய செய்தியன்று என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும்.

இந்நாட்டில் கூடாரத்தை நம்பி வாழ்ந்தோரும் வாழ்வோரும் பலர். 1802-ஆம் ஆண்டில் சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவைப் பணி, அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கூடாரங்களிலிருந்தே நடைபெற்றது. 1856-ஆம் ஆண்டில் காஷ்மீரத்து ஹரமுக் மலைமீதிருந்து மான்ட்கோமரி தொலைவிலிருந்த காரகோரச் சிகரங்களை நோக்கி, அவற்றுள் ஒன்றுக்குக் கே-2 எனக் குறியிட்டார். லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் யாக் எருதின் மயிரால் நெய்த ரெபோ என்னும் கூடாரங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்துள்ளனர். 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் கட்ச் பகுதியைக் குலைத்த நிலநடுக்கத்திற்குப் பிறகும், 2010-ஆம் ஆண்டு ஆகஸ்டில் லே நகரைத் தாக்கிய பெருவெள்ளத்திற்குப் பிறகும், வீடிழந்த குடும்பங்களுக்கு முதலில் கிடைத்த கூரை கூடாரமே. 2025-ஆம் ஆண்டில் பிரயாக்ராஜில் நடைபெற்ற மகா கும்பமேளாவின்போது கங்கை, யமுனை ஆறுகளின் மணற்படுகையில் ஒரு பெருநகரமே துணியால் எழுந்தது. இவர்கள் அனைவருடைய நிலமும் ஒன்றல்ல. மணல், சரளை, கரிசல், பாறை, பனி என நிலம் மாறுந்தோறும் முளையும் மாறவேண்டும்.

காற்றின் அழுத்தம்

முளையைத் தேர்ந்தெடுக்குமுன் அது தாங்கவேண்டிய சுமை யாதென அறிதல் அவசியம். காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. கட்டடங்கள்மீது காற்றின் சுமையை வகுத்துரைக்கும் ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர நிர்ணயத்தின் மூன்றாம் பகுதியும் இவ்விதியையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. இதன்படி, கடல்மட்டத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, தனக்கு நேர் எதிரேயுள்ள ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 6 கிலோகிராம் விசையோடு தள்ளுகிறது. வேகம் இருமடங்காகி 72 கிலோமீட்டர் ஆகும்போது அழுத்தம் நான்கு மடங்காகி 25 கிலோகிராமை எட்டுகிறது. 108 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 56 கிலோகிராம் ஆகிவிடுகிறது.

பக்கவாட்டில் 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் உயரமும் கொண்ட ஓர் எளிய கூடாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் பக்கப்பரப்பு 6 சதுர மீட்டர். 72 கிலோமீட்டர் வேகக் காற்றில் அப்பரப்பின்மேல் விழும் விசை ஏறத்தாழ 150 கிலோகிராம். காற்று வரும் பக்கத்தில் மூன்று கயிறுகள் இருப்பின், ஒவ்வொரு கயிறும் கிடைமட்டமாக 50 கிலோகிராம் விசையைத் தாங்கவேண்டும். ஒரு முளை பிடுங்கிக்கொள்ளுமாயின் எஞ்சிய இரண்டின்மீதும் 75 கிலோகிராம் வீதம் விழும். இரண்டாவது முளையும் விரைவில் முதலாவதைப் பின்பற்றும். கூடாரங்கள் படிப்படியாகச் சாயாமல் ஒரேயடியாக வீழ்வதற்கு இதுவே காரணம்.

மலைமேல் காற்று மெல்லியது. 5,000 மீட்டர் உயரத்தில் அதன் அடர்த்தி கடல்மட்ட அடர்த்தியில் சுமார் 60 சதவீதமே. ஆகவே அங்கே 72 கிலோமீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு 15 கிலோகிராம் அளவே அழுத்தும். ஆனால் இச்சலுகையை நம்பி ஏமாறுதல் கூடாது. உயரமான கணவாய்களிலும் முகடுகளிலும் காற்றின் வேகம் பெரிதும் மிகுவதால், அடர்த்திக் குறைவால் கிடைத்த ஆதாயம் அங்கே பறிபோய்விடுகிறது. 1960-ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற இந்தியக் குழுவினர் உச்சிக்கு மிக அருகே சென்றும் கடுங்காற்றினால் திரும்ப நேர்ந்தது.

காற்றின் இயல்பில் மற்றொரு தீங்கும் உண்டு. அது ஒரே சீராக வீசுவதில்லை, விட்டுவிட்டு மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் கயிறு இறுகித் தளர்கிறது. முளை மண்ணுக்குள் இம்மியளவு அசைகிறது. இரவு முழுவதும் இவ்வாறு அசைந்த முளையைச் சுற்றி ஒரு குழி உண்டாகிவிடும். மாலையில் அசையாதிருந்த முளை விடியற்காலையில் கையோடு வருவது இதனாலேயே.

கயிற்றின் சாய்வு

கயிறு முளையைப் பக்கவாட்டில் இழுப்பதோடு மேல்நோக்கியும் தூக்குகிறது. பக்கவாட்டு இழுப்பை மண் நன்கு எதிர்க்கும். மேல்நோக்கிய இழுப்பை எதிர்ப்பது முளைக்கும் மண்ணுக்கும் இடையேயுள்ள உராய்வு ஒன்றே. அதுவோ மிகச் சிறிது. ஆகவே தூக்கும் விசையைக் குறைப்பதே அறிவுடைமை.

கயிறு ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டு, முளை ஒன்றரை மீட்டர் தொலைவில் அடிக்கப்பட்டால் கயிற்றின் சாய்வு 45 பாகை. அப்போது காற்று கிடைமட்டமாக எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு விசை முளையை மேலே தூக்கும். அதே முளையை மூன்று மீட்டர் தொலைவில் அடித்தால் தூக்கும் விசை பாதியாகக் குறைகிறது. இடமில்லையென்று கூடாரத்தை ஒட்டியே செங்குத்தான சாய்வில் அடித்தால், உதாரணமாகச் சாய்வு 60 பாகையாக இருப்பின், தூக்கும் விசை காற்றுவிசையைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிவிடும். காசு செலவின்றி முளையின் பலத்தைக் கூட்டும் வழி, கயிற்றை நீளமாக விடுவதேயாகும்.

நிலம் தரும் எதிர்ப்பு

மண்ணில் புதைந்த தூண் பக்கவாட்டு இழுப்பை எவ்வாறு எதிர்க்கிறது என்பதை ஸ்வீடன் தேசத்துப் பொறியியலறிஞர் பிராம்ஸ் 1964-ஆம் ஆண்டில் கணித முறையில் வகுத்துக் காட்டினார். பாலங்களின் அடித்தூண்களுக்காக எழுந்த அக்கணக்கு, சிறிய அளவில் கூடார முளைக்கும் பொருந்துவதே. அதிலிருந்து சில பயனுள்ள உண்மைகள் கிடைக்கின்றன.

முதலாவது, மணற்பாங்கான நிலத்தில் முளையின் பிடி, அது புதைந்துள்ள ஆழத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆழம் இருமடங்கானால் பிடி நான்கு மடங்காகும். அகலம் இருமடங்கானால் பிடி இருமடங்கு மட்டுமே ஆகும். எனவே முதலில் நாடவேண்டியது நீளம், அதற்கடுத்தது அகலம்.

இரண்டாவது, கயிறு தரைமட்டத்திலேயே இழுக்கவேண்டும். 30 சென்டிமீட்டர் முளையை முழுவதும் புதைத்துத் தரைமட்டத்தில் கயிறு கட்டுவதற்குப் பதிலாக, 20 சென்டிமீட்டர் மட்டும் புதைத்து, வெளியே நிற்கும் 10 சென்டிமீட்டரின் உச்சியில் கயிற்றை மாட்டினால், பிடி மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. கல் தடுத்து முளை முழுவதும் இறங்காவிடில், கயிற்றை உச்சியிலிருந்து கழற்றித் தரையை ஒட்டிச் சுற்றிக் கட்டவேண்டும். இச்சிறு மாறுதலால் இழந்த பலத்தின் ஒரு பகுதி மீளக் கிடைக்கும்.

மூன்றாவது, மண்ணின் தன்மை மற்றெல்லாவற்றையும் விஞ்சி நிற்கிறது. 30 சென்டிமீட்டர் ஆழம் புதைந்த, இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள முளையைப் பற்றிய கணக்கு பின்வருமாறு அமைகிறது: கெட்டியான களிமண்ணில் அது கிடைமட்டமாகச் சுமார் 100 கிலோகிராம் விசையைத் தாங்கும். அதே களிமண் மழையால் ஊறி மென்மையாகிவிட்டால் 20 கிலோகிராமையே தாங்கும். உலர்ந்து தளர்ந்த மணலிலோ ஐந்தாறு கிலோகிராமுக்கு மேல் தாங்காது. மேலே கண்ட கூடாரத்தின் கயிறு ஒவ்வொன்றுக்கும் 50 கிலோகிராம் தேவை என்பதை நினைவுகூர்ந்தால், ஒரே முளையை எல்லா நிலத்திலும் அடிப்பது எத்துணைப் பிழையென்பது விளங்கும்.

முளையை எவ்வளவு சாய்த்து அடிப்பது என்பதில் இருவகைக் கருத்துகள் நெடுநாளாக உள்ளன. கயிற்றுக்குச் செங்கோணமாக அமையும்படி, தலை கூடாரத்திற்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்க அடித்தால் முளை வழுக்கி வெளிவராது என்பர் ஒரு சாரார். நேராக அடித்தால்தான் முழு ஆழமும் கிட்டும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மையுண்டு. மிகுதியாகச் சாய்த்தால் முளை மேல்மண்ணிலேயே தங்கி, பலமான அடிமண்ணைத் தொடாது போகும். ஆகவே சற்றே, அதாவது 15 அல்லது 20 பாகை மட்டும் வெளிப்புறம் சாய்த்து அடிப்பது நடுவழியாகும். கூடாரத்தை நோக்கித் தலை சாய அடிப்பது எக்காலத்தும் தவறு.

வடிவமும் பொருளும்

பழைய நாளில் முளைகள் கருவேலம் போன்ற வைரம் பாய்ந்த மரங்களில் செதுக்கப்பட்டன. மரமுளை அகலமானது, ஈரமண்ணில் ஊறிப் பருத்து நன்கு பற்றும், கொட்டாப்புளியால் அடிக்க எளிது. ஆனால் கல்லில் பட்டால் பிளந்துவிடும். பெரிய கூடாரங்களுக்கும் பந்தல்களுக்கும் இரும்பு முளையே உரியது. 16 மில்லிமீட்டர் விட்டமும் 45 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுக் கம்பி ஒன்று ஏறத்தாழ 700 கிராம் எடையிருக்கும். வண்டியில் ஏற்றிச் செல்வோருக்கு இது பாரமன்று. மலையேறுவோருக்கோ இருபது முளைகளின் எடை தாங்கொணாததாகிவிடும்.

இக்காரணத்தால் அலுமினியக் கலப்புலோகம் பெரிதும் கையாளப்படுகிறது. அலுமினியம் எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்கே உடையது. ஆனால் அதன் விறைப்பும் எஃகில் மூன்றில் ஒரு பங்கே. இக்குறையை வடிவத்தால் ஈடுசெய்கின்றனர். தட்டையான தகட்டை மூன்று இதழ்களாக அமைத்தாலும், கால்வாய்போல் மடித்தாலும் அது எளிதில் வளைவதில்லை. மண்ணைப் பற்றும் அகலமும் கிடைக்கிறது. 19 சென்டிமீட்டர் நீளமுள்ள மூவிதழ் அலுமினிய முளை சுமார் 15 கிராம் எடையே இருக்கும். டைட்டானியம் அலுமினியத்தைவிடக் கனமானது, எஃகைவிட இலேசானது. மெல்லிய கம்பியாக இருந்தும் உறுதியாக நிற்பதால் கல்லிடுக்குகளில் செலுத்த அது ஏற்றது, விலைதான் மிகுதி. மெல்லிய உருண்டைக் கம்பி கடினமான நிலத்தில் எளிதாக நுழையும். மென்மையான நிலத்திலோ வெண்ணெயில் செருகிய ஊசிபோலத் தன்னைச் சுற்றி மண்ணை அறுத்துக்கொண்டு வரும். மென்மையான நிலத்திற்கு அகலமும், கடினமான நிலத்திற்கு மெலிவும் வேண்டும் என்பது பொதுவிதி.

மணல்

இராஜஸ்தானத்து மணற்குன்றுகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் கூடாரம் அடிப்போர் முதலில் உணரவேண்டியது, உலர்ந்த மணலில் துகளைத் துகளோடு பிணைக்கும் பசை ஏதுமில்லை என்பதே. துகள்கள் தம் எடையாலும் உராய்வாலுமே ஒன்றையொன்று தடுத்து நிற்கின்றன. மேல்மட்டத்தில் எடை இல்லாததால் பிடியும் இல்லை. சற்று ஈரமான மணலில் துகள்களுக்கிடையே தங்கிய நீர்ப்படலம் அவற்றைச் சேர்த்து இழுப்பதால் பிடி கூடுகிறது. ஆகையால் மேல்மணலை அகற்றி, ஈரமுள்ள அடிமணலில் அடிப்பது நன்று. நனைந்த மணலும் வெயிலில் உலர்ந்ததும் பழையபடி தளர்ந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

மணலுக்குச் சிறந்த வழி முளையை அடிப்பதன்று, புதைப்பதே. ஒரு கட்டையையோ, மணல் நிரப்பிய பையையோ, அகன்ற முளையையோ கயிற்றுக்குக் குறுக்காகக் குழியில் கிடத்தி, நடுவில் கயிற்றைக் கட்டி, மேலே மணலை இட்டு மிதிக்கவேண்டும். இதனைப் புதைநங்கூரம் எனலாம். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட பை ஒன்றை அரை மீட்டர் ஆழத்தில் புதைத்தால், அதற்கு நேர்மேலே உள்ள மணலின் எடை மட்டும் ஏறத்தாழ 95 கிலோகிராம். பை மேலே எழவேண்டுமாயின் பக்கத்து மணலையும் சேர்த்தே தூக்கவேண்டும். ஐந்தாறு கிலோகிராமுக்கு இளகிய அதே மணல், புதைக்கும் முறையால் நம்பத்தகுந்த காவலாகிவிடுகிறது. கயிறு குழியிலிருந்து வெளிவரும் பாதையைச் சாய்வான வாய்க்காலாக வெட்டிவிடவேண்டும். இல்லையேல் கயிறு மணலை அறுத்துக்கொண்டு நங்கூரத்தை நேரே மேல்நோக்கி இழுக்கும்.

கரிசலும் களியும்

தக்காணத்துக் கரிசல் மண் கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். மழையில் நீரை உறிஞ்சிப் பருத்துக் குழையும். வெடிப்பை ஒட்டி அடித்த முளைக்கு ஒரு பக்கம் ஆதாரமே இராது. மழைக்காலத்தில் அடித்த முளை முதல்நாள் உறுதியாக இருந்து, ஓர் இரவு மழையில் பிடியின் பெரும்பகுதியை இழந்துவிடக்கூடும். ஆகவே இந்நிலத்தில் முளையின் நீளத்தை வறண்ட நாளை எண்ணித் தீர்மானியாமல், மழைநாளை எண்ணியே தீர்மானிக்கவேண்டும். கூரைநீர் முளையடியில் சேராதவாறு கூடாரத்தைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டுவதும் பயன் தரும். புல் அடர்ந்த இடத்தில் வேர்கள் மண்ணைப் பின்னிப் பிணைத்திருப்பதால் முளை சற்று மிகுதியாகப் பற்றும்.

மழையால் கயிற்றிலும் மாறுதல் நேர்கிறது. பருத்தி, சணல் முதலிய நாரால் திரித்த கயிறு நனைந்தால் சுருங்கும். அச்சுருக்கமே முளையைப் பிடுங்கிவிடுவதுண்டு. அதனால்தான் பழைய நாளில் மாலையில் கயிற்றைச் சிறிது தளர்த்திவிடுவது வழக்கமாக இருந்தது. நைலான் கயிறு இதற்கு மாறாக நனைந்தால் நீளும். துணி தொய்ந்து காற்றில் படபடக்கும். ஆகவே நைலான் கட்டிய கூடாரத்தில் மழை தொடங்கியதும் கயிற்றை இறுக்கவேண்டும்.

சரளையும் பாறையும்

லடாக்கின் ஆற்றோரச் சரளை நிலங்களில் கற்களுக்கிடையே முளைக்கு வழி கிடைப்பதே அரிது. இங்கே 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள நீண்ட எஃகு ஊசிமுளை உதவும். கல் தடுத்தால் மேலும் ஓங்கி அடியாமல், நாலைந்து சென்டிமீட்டர் தள்ளி வேறு வழி தேடவேண்டும். முன்னரே கடப்பாரையால் துளை செய்துகொள்வது முளையைக் காக்கும். ஆனால் துளை முளையைவிடப் பெரிதாகிவிடின் பிடி இராது.

முழுப் பாறையில் கல்லே முளையாகிறது. ஆனால் கல்லின் எடை முழுவதும் பலமாகாது. 50 கிலோகிராம் கல் 50 கிலோகிராம் இழுப்பைத் தாங்குமென எண்ணுதல் பெரும்பிழை. கல்லை நகராமல் வைப்பது உராய்வு. கயிறு கல்லைச் சற்றே மேலே தூக்குவதால் அவ்வுராய்வும் குறைகிறது. உராய்வுக் குணகம் 0.6 எனக் கொண்டால், 45 பாகைச் சாய்வில் அக்கல் கிடைமட்டமாகச் சுமார் 19 கிலோகிராம் விசையையே எதிர்க்கும். கயிற்றை நீட்டி முளையின் தொலைவை உயரத்தைப்போல் இருமடங்காக்கினால் 23 கிலோகிராம் வரை எதிர்க்கும். ஆகையால் ஒரு சிறு கல்லில் கயிற்றைச் சுற்றி, அதற்கு முன்னால், கூடாரப் பக்கமாக, அசைக்கமுடியாத பெருங்கல்லை வைத்துத் தடுப்பதே முறை. கூரிய விளிம்பில் கயிறு உராய்ந்து அறுந்துவிடும். அவ்விடத்தில் பழந்துணி ஒன்றை மடித்து வைக்கும் சிறு கவனம், நள்ளிரவில் பெருந்துன்பத்தைத் தவிர்க்கும்.

பனியும் உறைநிலமும்

1911-ஆம் ஆண்டு ஜூலை மாதம், தென்துருவக் கண்டத்தின் குரோசியர் முனையில் மூவர் பனிப்புயலில் சிக்கினர். பேரரசப் பெங்குவின் பறவையின் முட்டைகளை ஆராய்ச்சிக்காகக் கொணரச் சென்றிருந்த வில்சன், பவர்ஸ், செரி-காரார்ட் என்போரே அவர்கள். பவர்ஸ், முன்னர் இந்தியக் கடற்படைப் பிரிவில் பணிபுரிந்தவர். துருவத்தின் நெடிய குளிர்கால இருளில், பூஜ்யத்திற்குக் கீழே 60 பாகை வரை தாழ்ந்த குளிரைத் தாண்டி அவர்கள் அங்கே சென்றிருந்தனர். கல்லால் எழுப்பிய சிறு குடிசையின் பக்கத்தில் அவர்களுடைய கூடாரம் நின்றது. 22-ஆம் நாள் புயலில் அக்கூடாரம் காற்றோடு போயிற்று. அடுத்து, குடிசையின் கித்தான் கூரையும் கிழிந்து பறந்தது. கூரையின்றி, உறக்கப்பைகளுக்குள் பனி மூடிக் கிடந்த அம்மூவருக்கும் திரும்பிச் செல்ல நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி இருந்தது. கூடாரமின்றி அவ்வழியைக் கடத்தல் இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். காற்றுத் தணிந்ததும் தேடிச் சென்றபோது, சரிவின் அடியில், ஏறத்தாழ அரை மைல் தொலைவில், கூடாரம் பெரிதும் சிதையாமல் கிடைத்தது. அதனால் மூவரும் உயிர் பிழைத்தனர். திரும்பும் வழியில் பவர்ஸ் கூடாரத்திலிருந்து ஒரு கயிற்றை எடுத்துத் தம் உறக்கப்பையோடு கட்டிக்கொண்டு உறங்கினார். கூடாரம் போவதாயின் தாமும் உடன் போவதென்பது அவர் துணிவு.

பனியில் முளையின் பிடி பனியின் அடர்த்தியைப் பொறுத்தது. புதிதாகப் பெய்த பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோகிராம் எடையே உடையது. காற்றால் அடித்துக் கெட்டித்த பனி 300 முதல் 400 கிலோகிராம் வரை இருக்கும். மென்பனியில் நேராக அடித்த முளை நிற்பதில்லை. இங்கும் புதைநங்கூரமே வழி. அகன்ற முளையைக் கிடையாகப் புதைத்து, மிதித்துக் கெட்டியாக்கி, சில நிமிடங்கள் காத்திருத்தல் வேண்டும். மிதிபட்ட பனித்துகள்கள் தொடும் இடங்களில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகும். அதற்குச் சிறிது நேரம் தேவை. உடனே இழுத்தால் பிடி கிடைக்காது. உலோக முளையின் ஒரு பகுதி வெளியே தெரிந்தால் வெயிலில் சூடேறித் தன்னைச் சுற்றிய பனியை உருக்கிவிடும். ஆகவே அதனை முழுவதும் மூடிவிடவேண்டும்.

பனிக்கட்டியில் திருகுமுளை பயன்படும். திருகு இல்லாதபோது, ருஷ்ய மலையேறி அபலகோவின் பெயரால் வழங்கும் முறை கைகொடுக்கும்: இரண்டு துளைகளை உள்ளே ஒன்றையொன்று சந்திக்கும்படி சாய்வாகத் துளைத்து, அவற்றினூடே கயிற்றைக் கோத்துக் கட்டுவது அது. லடாக் போன்ற இடங்களில் இரவில் உறைந்து பகலில் இளகும் நிலம் மற்றொரு சிக்கல். காலையில் பாறைபோலிருந்த மண் நண்பகலில் சேறாகும். ஆதலால் மாலைதோறும் ஒவ்வொரு முளையையும் அசைத்துப் பார்த்து மீண்டும் அடிக்கவேண்டும். 1989-ஆம் ஆண்டு முதல் இந்தியாவின் மைத்ரி நிலையம் இயங்கிவந்த ஷிர்மாக்கர் பாறைச்சோலையில் ஒரே சிறு நிலப்பரப்பிலேயே பாறையும், உறைமண்ணும், அருகே பனிக்கட்டியும் காணப்படுகின்றன. இத்தகைய இடத்திற்குச் செல்வோர் ஒரே வகை முளையை மட்டும் எடுத்துச் செல்லுதல் பொருந்தாது.

முளைக்கு முளை துணை

ஒரு முளை போதாத இடத்தில் இரண்டை இணைக்கலாம். முன்முளையின் தலையிலிருந்து ஒரு கயிற்றைப் பின்முளையின் அடிக்குக் கட்டவேண்டும். முன்முளை சாய முயலும்போது அதன் தலையைப் பின்முளை பிடித்துக்கொள்ளும். பெருஞ்சுமைகளுக்கு இராணுவப் பொறியியலாளரும் சாரணரும் கையாளும் முறை மூன்று-இரண்டு-ஒன்று என வழங்குவது. முதலில் மூன்று முளைகள், அவற்றின் பின்னே இரண்டு, இறுதியில் ஒன்று என வரிசையாக அடித்துப் பிணைப்பது அது. விழாப்பந்தல்களுக்கும் நிவாரணக் கூடாரங்களுக்கும் இம்முறை எளிதாகக் கையாளத்தக்கது. இதற்கு வேண்டுவன சில முளைகளும் சிறிது கயிறுமே.

சோதித்தறிதல்

முளையின் பிடியைக் கண்ணால் மதிப்பிடுதல் இயலாது, சோதித்தே அறியவேண்டும். ஒரு வில்தராசை முளையில் மாட்டிக் கயிற்றின் திசையிலேயே மெல்ல இழுத்தால், எத்தனை கிலோகிராமில் முளை நகரத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். தராசு இல்லாவிடில், ஆள் ஒருவர் தம் உடலெடையைச் சாய்த்து இழுத்துப் பார்க்கலாம். அசைந்த முளையை அதே துளையில் மீண்டும் அடிப்பது வீண், வேறிடத்தில் அடிக்கவேண்டும்.

காற்று வரும் திசையை நோக்கிக் கூடாரத்தின் குறுகிய பக்கம் அமையுமாறு நிறுத்துதல், மிக நல்ல முளைகளைக் காற்றுப் பக்கத்திற்கென ஒதுக்குதல், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கேனும் உபரி முளைகளைக் கொண்டுசெல்லுதல், மக்கள் கூடும் பந்தல்களில் மின்கம்பிகளைக் கூடாரக் கம்பங்களோடு இணைக்காதிருத்தல், சூறைக்காற்று எழும் அறிகுறி கண்டவுடன் கூட்டத்தை வெளியேற்றுதல் ஆகியன எவ்வகை நிலத்திற்கும் பொதுவான விதிகள். இறுதியாகக் குறிப்பிட்ட விதி எல்லாவற்றிலும் தலையாயது. எத்துணைச் சிறந்த முளைக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றுக்கோ அத்தகைய எல்லை ஏதும் இல்லை.

கூடாரம் வாங்குவோர் துணியின் தரத்தையும் நிறத்தையும் நெடுநேரம் ஆராய்கின்றனர். முளைகளைப் பையோடு வாங்கிச் சென்றுவிடுகின்றனர். செல்லும் நிலம் மணலா, கரிசலா, சரளையா, பனியா என்று முதலிலேயே வினவி, அதற்கேற்ற முளைகளைப் பொறுக்கியெடுத்துச் செல்வோருக்கு, காற்று மிகுந்த இரவிலும் நல்ல உறக்கம் கிட்டும்.